மாற்று மருந்து இல்லாத மருந்து

தோட்டத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். டிரஸ்ஸர் கொடுப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. “அம்மா மருந்தடிக்கப் போயிருக்கு” என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பால்மரத்தையும் தண்டலையும் எழுதிய அளவுக்கு நாம் இந்த இரண்டாவது மருந்தை எழுதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல முன்பு சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அதாவது பாஷாணம். 1962-இல் ஐசிஐ நிறுவனத்தின் பாராகுவாட் விற்பனைக்கு வந்தது. கிராமக்ஸோன் என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும். மண்ணில் பட்டதும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும் என்பது அதன் பெருமை. ஆனால் மனித உடலில் களிமண் இல்லையே.

இந்த விஷத்தை விழுங்கியவரின் நுரையீரல் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அங்கே அது ஆக்சிஜனைக் கொண்டே செல்களைச் சிதைக்கும். மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதுதான் அவசரப் பிரிவின் வழக்கம். இங்கே அது நெருப்புக்கு எண்ணெய். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறையும் வரை மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கரித்தூளோ ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண்ணோ சீக்கிரம் கொடுத்துப் பார்ப்பார்கள். மண்ணில் நடப்பதை வயிற்றில் நடத்திப் பார்க்கும் முயற்சி அது. சிறுநீரில் டைதயோனைட் கலந்து சோதிப்பார்கள். நீலம் அடர்த்தியாக இருந்தால் நம்பிக்கை குறைவு. நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டே நாள்கணக்கில் படுத்திருப்பார். மாற்று மருந்து இன்றுவரை கிடையாது.

மேலே சிந்தினால் முதலுதவி எளிது: துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது பக்கத்தில் ஒரு குழாய். முதுகில் தொட்டியைச் சுமந்து செம்பனை நிரைக்குள் நடப்பவருக்கு அந்தக் குழாய் எவ்வளவு தூரம்? மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய உடல்நலம் பற்றி 2002-இல் தெனாகானித்தா அமைப்பு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்.

விற்பனைக்கு வந்து 58 ஆண்டுகள்! தென்கொரியாவில் 2012-இல் விற்பனையை நிறுத்தியதும் பூச்சிமருந்து குடித்து இறப்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அவசரப் பிரிவால் முடியாததை ஓர் அரசாணை செய்தது. அந்த ஆணையை இங்கே இத்தனை காலம் தள்ளிப்போட்டதற்கு விலை கொடுத்தது யார் என்று நாம் கேட்க வேண்டும்.

மருந்தடித்த பெண்கள் பலர் இன்று தாமான் வீடுகளில் பாட்டிகள். அவர்களிடம் போய் உட்காருங்கள். மருந்து என்ன நிறம், என்ன வாடை, கையுறை கொடுத்தாங்களா, கை கழுவத் தண்ணி எங்கே இருந்துச்சு என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.