தகுதி என்னும் சொல்லும் 1878ஆம் ஆண்டு நீதிபதி நியமனப் பூசலும்

கரிகாற் சோழன் இளமைப் பருவத்தே அரசிருக்கை ஏறியவன். முதியோர் இருவர் தம் வழக்கினை அவன் அவைக்குக் கொண்டு வந்தனர். அவனது இளமையைக் கண்டு, இவன் எங்ஙனம் நம் வழக்கைத் தீர்ப்பான் என ஐயுற்று நின்றனர். அதனை அறிந்த அரசன் உள்ளே சென்று, நரைமுடி தரித்து முதியவன் வேடத்தில் வந்தமர்ந்து முறை வழங்கினான். வழக்குத் தீர்ந்த பின்னரே முதியோர் உண்மை உணர்ந்து நாணினர். பழமொழி நானூற்றின்கண் குறிக்கப்படும் இக்கதை வரலாறாயினும் ஆகுக, புனைந்துரையாயினும் ஆகுக. நீதி கூறுவோனின் தகுதியை வழக்காடுவோர் எதைக்கொண்டு அளக்கின்றனர் என்பதற்குத் தமிழில் இதனினும் தெளிவான சான்று வேண்டா. அவர் கண்டது நரை. அவர்க்கு வேண்டியது நடுவுநிலைமை. முன்னது கண்ணுக்குப் புலனாவது. பின்னது தீர்ப்பு வந்த பின்னரன்றிப் புலனாகாதது.

காவிரி நாட்டில் மீண்டும் ஒருமுறை இவ்வையம் எழுந்தது. இம்முறை ஐயுறப்பட்டவர் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரிற் பிறந்த தி. முத்துசாமி ஐயர். ஐயுற்றவர் வழக்காடிய மக்களல்லர். சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள். அப்பூசலைப் பலரும் ஒரு நாளிதழின் பிறப்புக் கதையாக மட்டுமே கூறி அமைவர். இருதிறத்தாரும் ‘தகுதி’ என்பதனை எப்பொருளில் ஆண்டனர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். 1861ஆம் ஆண்டின் இந்திய உயர்நீதிமன்றங்கள் சட்டம் நீதிபதியாதற்கு உரியோரை நால்வகையாகப் பகுத்தது. ஐந்தாண்டு பயின்ற பாரிஸ்டர்கள் ஒரு வகையினர். பத்தாண்டு பணியாற்றிய சிவில் சேவையர் மற்றொரு வகையினர். அவருள்ளும் மூன்றாண்டேனும் மாவட்ட நீதிபதியாக இருந்தோரே உரியர். பிரதம சதர் அமீன் பதவிக்கோ சிறுவழக்கு மன்ற நீதிபதிப் பதவிக்கோ தாழாத நீதித்துறைப் பணியில் ஐந்தாண்டு இருந்தோர் மூன்றாம் வகையினர். பத்தாண்டு வாதாடிய வக்கீல்கள் நான்காம் வகையினர். முதலிரு வகையார்க்கும் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்பெற்றன; தலைமை நீதிபதி இருக்கை பாரிஸ்டருக்கே உரியதாயிற்று. இந்தியருட் பெரும்பாலோர் நுழைதற்கு எஞ்சியவை பின்னிரு வாயில்களே.

வாயில் இருந்தும் சென்னையில் அது நெடுநாள் திறக்கப்படவில்லை. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் சம்புநாத பண்டிதர் 1863ஆம் ஆண்டிலேயே நீதிபதியாய் அமர்ந்தார். 1862இல் தொடங்கப்பெற்ற சென்னை மன்றமோ பதினைந்து ஆண்டுகள் இந்தியர் ஒருவருமின்றி நடந்தது. இவ்விடைக்காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஆங்கில நீதிபதிகட்கு இந்து தருமநூல்களின் பொருளை எடுத்துரைத்து வந்த நீதிமன்றப் பண்டிதர் பதவி 1864இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்த் தஞ்சை மிராசுதாரர் ஒருவரின் பாகப்பிரிவினை வழக்கோ, தத்து வழக்கோ சென்னைக்கு மேல்முறையீடாகச் செல்லின், அதனைக் கேட்டோர் மொழிபெயர்ப்பு நூல்களையும் முன்தீர்ப்புகளையுமே துணையாகக் கொள்ள நேர்ந்தது.

முத்துசாமி ஐயர் வந்த வழியையும் ஒருவாறு நோக்குவோம். 1832இல் வறிய குடியிற் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, திருவாரூர்ப் பகுதியில் கிராமக் கணக்கரிடம் திங்களுக்கு ஒரு ரூபாய் ஊதியத்திற்கு வேலை பார்த்தவர் அவர். முத்துசாமி நாயக்கர் என்னும் தாசில்தார் அவர்தம் அறிவுக் கூர்மையைக் கண்டு, நாகப்பட்டினத்துப் பாதிரிமார் பள்ளிக்கும், பின்னர்ச் சென்னையில் பவல் என்பார் தலைமையில் நடந்த பள்ளிக்கும் அனுப்பினார். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார். டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் 1845இல் விலைக்கு வாங்கிய தரங்கம்பாடியில் முன்சீப்பாகவும், தஞ்சையில் துணைக் கலெக்டராகவும், 1865 முதல் தென் கன்னடத்தில் சார்பு நீதிபதியாகவும், 1868 முதல் சென்னையில் மாஜிஸ்டிரேட்டாகவும் பணியாற்றி, இடையே 1871இல் பி.எல். பட்டமும் பெற்று, சிறுவழக்கு மன்ற நீதிபதியானார். தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்னும் செவிவழிக் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் அறிவர். அக்கதையை நாம் மறுக்கப் புகவில்லை; ஆயினும் அவ்விளக்கொளி தரங்கம்பாடி முன்சீப்பு மன்றத்தை நம் கண்ணினின்றும் மறைத்துவிட்டது என்பதே எம் குறை. உப்பளமும் வயலும் சூழ்ந்த அவ்வூரில் எல்லைத் தகராறும் குத்தகை வழக்கும் கேட்டுப் பழகியதே அவர்தம் உண்மையான கல்லூரி எனலாம்.

ஆகவே 1877-78இல் அவரை உயர்நீதிமன்ற இருக்கைக்குக் கொணர்ந்தபோது சட்டத்தின் மூன்றாம் வாயில் அவர்க்குத் திறந்தே இருந்தது. உரிமை பற்றி வினவ இடமின்மையால் எதிர்ப்பு வேறொரு தளத்திற் கால்கொண்டது. இந்தியர் ஒருவர் அவ்விருக்கைக்கு ஏற்றவரா என்னும் பேச்சாக அது மாறிற்று. 1858ஆம் ஆண்டின் அரசியார் பேரறிக்கை, கல்வியாலும் திறமையாலும் நேர்மையாலும் தகுதியுடையோர் எவ்வினத்தாராயினும் பதவி பெறுவர் என உறுதி கூறியிருந்தது; எனினும், ‘இயலுமளவும்’ என்னும் பொருள்பட ஒரு சிறு தொடரையும் அதனுட் பெய்து வைத்திருந்தது. அளவிடத்தக்கதாகிய கல்வி நிறுவப்பட்டபின், அளவிடவொண்ணாத பொருத்தம் கேள்விக்குள்ளாவதற்கு அத்தொடர் இடந்தந்தது. ஐந்தாண்டுகளின் பின் 1883இல் இல்பர்ட் மசோதா பற்றிய கிளர்ச்சியில், இந்திய நீதிபதி ஐரோப்பியரை விசாரிப்பதா என்று வெளிப்படையாகவே முழங்கப்பட்டது. 1878இல் மறைவாக இருந்தது அப்போது வெளியே வந்தது என்றே எமக்குத் தோன்றுகின்றது.

எதிர்ப்புக்கு விடையிறுக்க எழுந்தவர் அறுவர். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சார்ந்த இளைஞர். திருவையாற்றிற் பிறந்து தஞ்சைத் தூய பேதுரு கல்லூரியிற் பயின்ற 23 வயதினரான ஜி. சுப்பிரமணிய ஐயரும், அவர் நண்பர் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், தி. த. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், கேசவராவ் பந்துலு, சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’ என்னும் வார இதழின் 80 படிகளை அச்சிட்டனர். ஒரு ரூபாய் ஊதியத்தில் வாழ்வைத் தொடங்கியவர்க்காக ஏறத்தாழ அதே அளவு கடனில் ஓர் இதழ் தோன்றிற்று என்பது தற்செயலேயாயினும் நினைத்து மகிழத்தக்கது. வழக்கறிஞரானவுடன் சட்ட மாணவர் நால்வரும் விலகினர். ஆசிரியர் இருவரே இதழைத் தாங்கினர்.

இவ்வறுவரும் ஒரு கட்சியினரே என்பதை நாம் மறைத்தல் கூடாது. அவர்கள் தமக்கு முன்னோடியாக ஒருவர் உயர்வதைக் கண்டு எழுந்தவர்கள். அவர்தம் வழக்கு நியாயமானதென்பதும் உண்மை, அதனுள் அவர்தம் வருங்காலமும் அடங்கியிருந்தது என்பதும் உண்மை. அன்றியும் இருதிறத்தார் எழுதியதும் ஆங்கிலம். காவிரிக் கரையில் நெல் விளைத்து, வாய்க்கால் நீருக்கும் வாரப் பங்குக்கும் வழக்காடி, இறுதியில் அந்த நீதிபதியின் முன் போய் நிற்கவேண்டிய மக்கள் இப்பூசலில் ஒரு சொல்லும் அறியார். சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழிதழைத் தொடங்கியது 1882இல். அதற்குள் பூசல் ஓய்ந்துவிட்டது.

இருதிறத்தாரும் எழுப்பாத வினா ஒன்றனை வேறொருவர் எழுப்பினார். மதுரை நாட்டின் வரலாற்றை 1868இல் எழுதி வெளியிட்ட சிவில் சேவையர் நெல்சன், 1877இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்து சட்டத்தை நடத்தும் முறையை மறுத்து ஒரு நூல் எழுதினார். வடமொழித் தருமநூல்களை எல்லாக் குலத்தார்க்கும் பொதுச் சட்டமென மன்றம் கொண்டுவிட்டது. இந்நாட்டுப் பெரும்பான்மை மக்கள் அந்நூல்களை அறியார். அவர்தம் வழக்காறுகளே அவர்க்குச் சட்டம் என்பது அவர் கொள்கை. அம்மன்றத்து நீதிபதியாயிருந்த இன்னீஸ் 1882இல் அதனை மறுத்து நூலெழுதினார். நெல்சன் கூற்று முழுவதையும் ஏற்க வேண்டுவதில்லை. மிகைபடக் கூறும் இயல்பு அவரிடம் உண்டு. ஆயினும், எவருடைய சட்டத்தைக் கூறுதற்குத் தகுதி என்னும் அவர் வினா கூரியது. ஆங்கிலேயர்க்கு மாற்றாகத் தருமநூல் மரபில் வந்த இந்தியர் ஒருவரை அமர்த்துவதால் மட்டும் மறவர், வேளாளர், பள்ளர், பறையர் முதலியோரின் வழக்காறு மன்றத்திற்கு விளங்கிவிடாது. இதழ் நடத்திய இளைஞர் இதனைக் கருதினார் எனக் கூறுதற்கு இடமில்லை. பிற்காலத்தே 1916இல் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை அரசுப் பணிகளின் பங்கீட்டைக் குறித்து முறையிட்டதற்கு வித்து இங்கேயே கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த முதல் நீதிபதியாக அ. வரதராசன் அமர்ந்தது 1973இல். அவரே 1980இல் உச்சநீதிமன்றத்திற்கும் சென்றார்.

சட்டத்தின் உரிமை முடிந்த இடத்தில் கட்சியின் பேச்சுத் தொடங்குதல் எல்லா நாட்டிலும் காணப்படுவதே. அமெரிக்காவில் 1916இல் பிராண்டைசு உச்சநீதிமன்றத்திற்குப் பெயர் குறிக்கப்பட்டபோது, முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்டு உள்ளிட்ட வழக்கறிஞர் சங்க முன்னாள் தலைவர் எழுவர் அவர் தக்காரல்லர் என எழுதினர். நான்கு திங்கட்குப் பின்னர் 47க்கு 22 என்னும் வாக்கில் அவர் ஏற்கப்பட்டார். 1973இல் மூத்தோர் மூவரைக் கடந்து ஏ. என். ரே இந்தியத் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது, நீதிபதியின் கொள்கை நோக்கினையும் அரசு கருதலாம் என மக்களவையில் வாதிட்டவர் தமிழரான மோகன் குமாரமங்கலம். 2023 பிப்ரவரி 7ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றக் கூடுதல் நீதிபதி ஒருவரின் நியமனத்தை எதிர்த்த மனுக்களைத் தள்ளிய உச்சநீதிமன்றம், பதவிக்குரிய தகுதி வேறு, பொருத்தம் வேறு. முன்னதையே மன்றம் ஆராயலாகும் என்னும் நிலையில் நின்றது. பரிந்து பேசுவோரும் எதிர்த்துப் பேசுவோரும் இடம் மாறுகின்றனர். வாதத்தின் அமைப்பு மாறவில்லை.

இவ்விரு பொருளையும் தமிழில் நாம் ‘தகுதி’ என்னும் ஒரு சொல்லாலேயே சுட்டிக் குழம்புகின்றோம். உத்தரமேரூர்க் கல்வெட்டு நிலவுடைமை, மனை, கல்வி, 35க்கு மேல் 70க்குட்பட்ட வயது எனப் புறத்தே அளக்கத்தக்கவற்றை விதித்ததோடு அமையாது, கணக்குக் காட்டாதாரையும் அவர் சுற்றத்தாரையும் விலக்கியது. அது வாரியத்தார்க்குரிய விதியேயன்றி நீதிபதிக்குரியதன்று. எனினும் ஐயத்திற்கிடமான அகத்தகுதியைக் கணக்கு என்னும் புறச்செயலாற் சோதித்த முறை போற்றத்தக்கது. வள்ளுவரோ நடுவுநிலைமை அதிகாரத்தைத் தொடங்குமிடத்துத் ‘தகுதி’ என்னும் சொல்லையே நடுவுநிலைமைக்குப் பெயராக்கினார். பரிமேலழகரும் அவ்வாறே உரைத்தார். தக்காரைப் பிரித்தறியும் கருவியாக அவ்வதிகாரம் கூறுவது எச்சம். பரிமேலழகர் அதனை மக்கட்பேறு எனக் கொண்டார். நீதிபதியைக் குறித்து ஆராயுங்கால் அவர் விட்டுச்சென்ற தீர்ப்பும் குறிப்புமே எச்சம் எனக் கொள்வது பொருந்தும்.

அவ்வெச்சத்தில் ஒன்றனை மட்டும் ஈண்டுச் சுட்டுவோம். மருமக்கள் தாயத்தாரின் மணவுறவுக்குச் சட்ட ஏற்பு வேண்டி, பின்னாளில் அம்மன்றத்து நீதிபதியான சங்கரன் நாயர் 1890இல் மசோதா ஒன்று கொணர்ந்தார். அதனை ஆராய 1891இல் அமைந்த மலபார் மணக் குழுவிற்கு முத்துசாமி ஐயர் தலைவராக்கப்பட்டார். தருமநூல்களுக்குப் புறம்பான வழக்காறுடைய மக்களிடையே சென்று அவர்தம் சொல்லைக் கேட்கவேண்டிய பணி அது. நெல்சன் வினாவிய வினா அங்ஙனம் வேறு வழியில் அவர் முன்னரே வந்து நின்றது. குழுவினர் பெரும்பாலோரோடு அவர் உடன்படவில்லை. தலைவராயிருந்தும் தாம் வேறுபடும் இடங்களை விளக்கித் தனிக்குறிப்பு எழுதினார். அக்குறிப்பின் முடிபுகள் இன்று நமக்கு உவப்பாயினும் ஆகாவிடினும், தம்மைச் சூழ்ந்தோர் கருத்துக்கு இசைந்து போதல் எளிதாயிருந்த இடத்தில் அவர் அங்ஙனம் போகவில்லை. 1893இல் மூன்று திங்கள் தலைமை நீதிபதிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. சட்டம் பாரிஸ்டருக்கென வகுத்த அவ்விருக்கையில் இடைக்காலத்தேனும் அமர்ந்து வழக்குகளைக் கேட்டு, மீண்டும் தம் பழைய இருக்கைக்குத் திரும்பி, 1895 சனவரி 25ஆம் நாள் பதவியில் இருந்தவாறே மறைந்தார்.