சர்வர் ஸ்லோ... டிஸ்க்தான் காரணமா? விர்ச்சுவல் ஸ்டோரேஜ் கோளாறை கண்டுபிடிப்பது எப்படி?

"சர்வர் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க." வங்கியில், மருத்துவமனையில் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. அந்த 'சர்வர்' பல இடங்களில் இப்போது தனிப் பெட்டி கிடையாது. ஒரே பெரிய கணினிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் (சுருக்கமாக விஎம்) ஓடுகின்றன. எல்லாமே ஒரே ஸ்டோரேஜை பங்கு போட்டுக்கொள்கின்றன. அதில் சிக்கல் வந்தால் எங்கே தேடுவது?

அடைப்பு எங்கே?

அபார்ட்மென்ட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சொட்டுகிறது. கோளாறு நம் வீட்டுக் குழாயிலா, நடுவில் வரும் பைப்பிலா, மாடி டேங்க்கிலா? இதே கேள்விதான் இங்கேயும். குழாய் என்பது விஎம், பைப் என்பது விஎம்களை இயக்கும் ஹைப்பர்வைசர், டேங்க் என்பது ஸ்டோரேஜ்.

விஎம்முக்குள் பார்ப்பது எப்படி?

லினக்ஸ் விஎம் என்றால் 'ஐஓஸ்டாட்' கருவி போதும். டிஸ்க்கிடம் கேட்ட தகவல் வந்துசேர சராசரியாக எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதை அதில் உள்ள 'அவெய்ட்' எண் சொல்லும். பக்கத்திலேயே 'யுடில்' 100 சதவீதம் என்று காட்டினால் உடனே பதற வேண்டாம். பின்னால் பல டிஸ்க்குகள் சேர்ந்து வேலை செய்தால் அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' பொதுவாக இங்கே உதவாது. விஎம்முக்குத் தெரிவது விர்ச்சுவல் டிஸ்க் மட்டும்தான்.

ஹைப்பர்விஷரில் எதைப் பார்ப்பது?

விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் 'ஈஎஸ்எக்ஸ்டாப்' என்ற கருவி இருக்கிறது. அதில் மூன்று எண்கள் முக்கியம்.

டிஏவிஜி: ஸ்டோரேஜ் வரை போய்த் திரும்ப ஆகும் நேரம். தொடர்ந்து 25 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் ஸ்டோரேஜ், அதற்குப் போகும் கேபிள், ஸ்விட்ச் பக்கம் பார்க்க வேண்டும்.

கேஏவிஜி: ஹைப்பர்வைசருக்குள்ளேயே காத்திருக்கும் நேரம். இது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 2-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உள்ளே வரிசை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம்.

ஜிஏவிஜி: இரண்டின் கூட்டுத்தொகை. விஎம் உணரும் தாமதம் இதுதான்.

இந்தத் திரை அந்த நொடியை மட்டுமே காட்டும். அதனால் 'பேட்ச் மோட்'டில் சில நிமிடங்கள் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. ரீஸ்டார்ட் செய்துவிட்டால் அப்போதைய நிலைமையைத் திரும்பப் பார்க்க முடியாது.

எண்கள் சரி, ஆனாலும் சிக்கல்?

அப்போ இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மறந்துபோன ஸ்னாப்ஷாட். அப்டேட்டுக்கு முன் எடுத்து வைத்தது, நாளாக ஆக பெருத்துக்கொண்டே போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் அறிவுரை. ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது என்பதும் முக்கியம்.

இரண்டு, 'தின் ப்ரொவிஷனிங்'. 1 டிபி இடத்தை வைத்துக்கொண்டு 10 விஎம்களுக்கு தலா 200 ஜிபி தருவதாக வாக்குக் கொடுப்பது போல. எல்லாரும் கேட்காத வரை பிரச்சனை இல்லை. இடம் தீர்ந்தால், கூடுதல் இடம் கேட்கும் விஎம் அப்படியே நின்றுவிடும்.

செய்யவே கூடாத தவறு எது?

இடம் போதவில்லை என்று ஸ்னாப்ஷாட்டின் 'டெல்டா' ஃபைல்களை கையால் அழிப்பது. புதிதாக எழுதப்பட்ட தரவு அதற்குள்தான் இருக்கிறது. அழித்தால் போனது போனதுதான். ஸ்னாப்ஷாட் மேனேஜரில் உள்ள 'டெலிட்' வேறு. பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது மாற்றங்களை மூல டிஸ்க்கோடு சேர்த்துவிடும். ஆனால் அதற்கும் நேரமும் கொஞ்சம் காலி இடமும் தேவை. எதைத் தொடும் முன்பும் பேக்கப் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.