மாண்டு அடுக்களையில் வேட்டைப் பறவை

மாளவத்தை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் ஷாஹ் (1469–1500) உணவில் கொண்ட ஈடுபாட்டுக்குச் சான்று ‘நிஅமத் நாமா’. பாரசீகத்தில் எழுதப்பட்ட இச்சமையல் நூல் அவருடைய மகன் நாசிர் ஷாஹ் காலத்தில் நிறைவுற்றது. 50 ஓவியங்களைத் தாங்கிய அக்கையெழுத்துப் படி, பின்னாளில் திப்பு சுல்தானின் நூலகத்தை அணிசெய்து, இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. கவுதாரி, காடை சமைக்கும் முறைகளோடு, வேட்டைக்குச் செல்வோர் உடன்கொண்டு போகவேண்டியவற்றையும் அது கூறுகிறது.

அதில் நெய் தாராளமாகப் புழங்குவது வெறும் அரண்மனை ஆடம்பரமன்று. பறந்து திரியும் பறவையின் மார்புக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு; நெய்யில்லாமல் தணலில் வாட்டினால் சக்கையாகிவிடும்.

ஆயினும் முஸ்லிமுக்கு இச்சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை. பழக்கிய வேட்டைப் பிராணியைப் பிஸ்மில்லாஹ் கூறி ஏவவேண்டும் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் தரும் விதி. இரை உயிரோடு கைக்கு வந்தால் அறுத்தே ஆகவேண்டும் என்பர் ஃபுகஹாக்கள். இஹ்ராமில் இருப்பவருக்கோ தரைவேட்டையே ஹராம்.

திருத்தணி வட்டாரப் புதர்க்காடுகளில் கூவும் கவுதாரியை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதை வேட்டையாடுவது குற்றம். மாண்டுவின் பக்குவத்தைச் சுவைக்க விரும்புவோருக்குப் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை இருக்கிறது. நெய்யில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.