உத்தம சோழன் இல்லை, கங்கைகொண்டான்

போன மாசம் அலுவலக நண்பர் ஒருத்தர் வாட்ஸப்பில் ஒரு காசுப் படம் அனுப்பினார். அவருடைய மாமனாருக்கு பாகூர் தாண்டி, கடலூர் மாவட்ட எல்லைக்குள் கொஞ்சம் நிலம். வயலில் கொட்டிய வண்டல் மண்ணில் கிடைத்ததாம். நம்ம ஊரில் வெள்ளியில் சின்னக் காசு என்றால் பத்துக்கு ஒன்பது பிரெஞ்சுக்காரன் பணம்தான்: ஒரு பக்கம் கிரீடம், மறு பக்கம் லில்லிப் பூக்கள். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். உட்கார்ந்திருக்கும் புலி. அதன் முன்னால் நட்டு வைத்தது போல இரண்டு மீன்.

அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

புலியும் மீனும் சோழ, பாண்டியச் சின்னங்கள். அதுவரை சந்தேகமில்லை. எந்தச் சோழன் என்பதைச் சொல்ல வேண்டியது எழுத்து. அது தமிழ் இல்லை, நாகரி. ஓரம் தேய்ந்திருந்ததால் கடைசியில் 'சோழ' மட்டும் தெளிவாக இருந்தது. நான் உடனே 'உத்தம சோழன்' என்று முடிவு கட்டிவிட்டேன். ராஜராஜனுக்கு முன்னால் ஆண்ட அவன் பெயரில் ஒரு தங்கக் காசை வால்டர் எலியட் 1886இல் வெளியான தன் 'தென்னிந்தியக் காசுகள்' நூலில் வரைந்து காட்டியிருக்கிறார். மூலக் காசு பிறகு தொலைந்து, வரைபடம்தான் மிஞ்சியது. அந்தப் பெயர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை என்னை ஏமாற்றியது. புரோகிராமில் பிழை தேடும்போதும் இதே கதைதான், நாம் எதிர்பார்க்கிற வரியையே கண் படிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காசை நேரில் பார்த்தேன். சாய்வாக டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் தரும். 'சோழ'வுக்கு முன்னால் நான் 'த்தம' என்று படித்த இடத்தில், ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு தடவை. நாகரி 'க'. முதல் 'க'வின் தலையில் ஒரு புள்ளி. 'கங்கை' என்று எழுதினால்தான் அப்படி வரும். உத்தமனிலும் வராது, ராஜேந்திரன் என்று எழுதினாலும் வராது. 'கங்கைகொண்ட சோழ'.

பெயர் மாறியதில் ஒரு லாபம், தேதி கிடைத்தது. முதலாம் ராஜேந்திரன் ஆட்சிக்கு வந்தது 1012இல். கங்கைப் படையெடுப்பு 1023ஐ ஒட்டி. அந்தப் பட்டத்தோடு காசு அடித்தது அதற்குப் பிறகுதான் இருக்க முடியும். அவன் இறந்தது 1044இல். ஆயிரம் வருஷத்துக் காசை இருபது வருஷத்துக்குள் அடக்க முடிவது அபூர்வம்.

அடுத்து, வெள்ளிதானா? நகைக்கடைத் தராசில் 3.90 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கியபோது 0.40 கிராம் குறைந்தது. வகுத்தால் 9.75. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.96. கணக்குப் போட்டால் பாதிக்குச் சற்று மேல் வெள்ளி, மிச்சம் செம்பு. தராசு 0.01 கிராம் தவறினாலே விடை 40இலிருந்து 70 சதவீதம் வரை ஆடும், அதனால் 'வெள்ளி கலந்த காசு' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். சோழர் வெள்ளியில் செம்பு கலப்பது புதிதும் இல்லை. செம்புக் காசு சாதாரணமாகக் கிடைக்கும், வெள்ளிதான் அரிது.

வீட்டில் காசைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பாதி எழுத்து போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்களுக்கு எது கிடைத்தாலும் தயவுசெய்து கழுவாதீங்க.

மாமனாருக்கு என் ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. "இதை என்ன தம்பி செய்யறது? வெள்ளிக்கடைக்காரன் எடைக்கு எடை தர்றேங்கறான்" என்றார். 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டத்தைச் சொன்னேன். மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்றதும் சிரித்துவிட்டார். ஆனாலும் மனு எழுதச் சொன்னார், எழுதினேன்.

அதில் 'கிடைத்த இடம்' என்ற வரியில்தான் பேனா நின்றது. வண்டல் அவர் நிலத்து மண் இல்லை, டிராக்டர்காரரிடம் ரெண்டு லோடு வாங்கியது. அவரிடம் கேட்டோம். அந்தக் கோடையில் மூன்று ஏரிகளில் மண் எடுத்தாராம். எந்த லோடு எந்த ஏரி என்று அவருக்கு ஞாபகம் இல்லை. மூன்று பெயரையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறோம்.