ஜப்பானின் நீள்காலப் பராமரிப்புக் காப்பீடு

ஜப்பானின் நீள்காலப் பராமரிப்புக் காப்பீடு (கைகோ ஹோக்கென்) என்பது, முதுமையினால் தளர்ந்தோர் இயன்றவரை தமது வீட்டிலேயே தற்சார்புடன் வாழ உதவும் கட்டாயச் சமூகக் காப்பீட்டுத் திட்டம் ஆகும். இதற்கான சட்டம் 1997 இல் நிறைவேற்றப்பட்டு, 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

ஜப்பானிய மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு 1970 இல் 7 விழுக்காடாக இருந்து, 1994 இல் 14 விழுக்காடானது. முதியோரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோர் மீதே விழுந்தது. 70 வயதைக் கடந்தோருக்கு 1973 இல் மருத்துவம் இலவசமாக்கப்பட்ட பின்னர், கவனிப்பாரின்றி மருத்துவமனைகளிலேயே நீண்டகாலம் தங்குவோரும் பெருகினர்.

அமைப்பு

நகராட்சிகளே காப்பீட்டாளர்கள் ஆகும். 40 வயது நிறைந்த அனைவரும் சந்தா செலுத்துகின்றனர். செலவில் பாதி சந்தாவிலிருந்தும், மறுபாதி வரிப்பணத்திலிருந்தும் பெறப்படுகின்றது. பயனாளர் பொதுவாகக் கட்டணத்தில் 10 விழுக்காட்டையும், வருமானம் மிகுந்தோர் 20 அல்லது 30 விழுக்காட்டையும் ஏற்கின்றனர். 40 முதல் 64 வயது வரையுள்ளோர் முதுமை சார்ந்த 16 வகை நோய்களுக்கு மட்டுமே பயன்பெற முடியும்.

தேவையை மதிப்பிடல்

விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு அலுவலர் சென்று, எழுதல், நடத்தல், உண்ணல், நினைவாற்றல் முதலிய 74 கூறுகளைப் பதிவு செய்கின்றார். கணினி இவற்றிலிருந்து முதற்கட்ட முடிவைக் கணிக்கும். பின்னர் வல்லுநர் குழு, மருத்துவரின் கருத்துரையையும் நோக்கி இறுதி முடிவை எடுக்கும். தகுதியுடையோர் உதவி தேவைப்படுவோர் (2 நிலைகள்), பராமரிப்பு தேவைப்படுவோர் (5 நிலைகள்) என வகுக்கப்படுகின்றனர். அதன்பின் பராமரிப்பு மேலாளர் ஒருவர் அவருக்கான திட்டத்தை வகுப்பார்.

வீட்டுச் சேவைகள்

பணியாளர் வருகை, குளிப்பாட்டுதல், பகல்நேரப் பராமரிப்பு, சக்கர நாற்காலி மற்றும் கட்டில் வாடகை ஆகியவை வழங்கப்படுகின்றன. கைப்பிடி பொருத்துதல், தரை மட்ட வேறுபாட்டை நீக்குதல், வழுக்காத தரை அமைத்தல், கீல் கதவை இழுவைக் கதவாக மாற்றுதல், குந்து கழிப்பறையை இருக்கைக் கழிப்பறையாக்குதல் போன்ற மாற்றங்களுக்கு 2,00,000 யென் வரையான செலவு ஏற்கப்படும். பணியைத் தொடங்குமுன் அனுமதி பெறுதல் வேண்டும்.

விமரிசனங்கள்

1995 இல் தொடங்கிய செருமானியத் திட்டம் குடும்பத்தினருக்குப் பணமாகவும் உதவுகின்றது. ஜப்பானோ சேவைகளை மட்டுமே வழங்குகின்றது. பணம் கொடுத்தால் மருமகள்களின் சுமை குறையாது, நிலைத்துவிடும் என்பது அன்றைய வாதங்களுள் ஒன்றாகும். எனினும், பெற்றோரைப் பேணுவதற்காக வேலையைத் துறப்போர் இன்றும் உள்ளனர். பணியாளர் பற்றாக்குறையும் நிலவுகின்றது. 65 வயதைக் கடந்தோரின் சராசரி மாதச் சந்தா 2000-2002 காலப்பகுதியில் 2,911 யென்னாக இருந்து, 2024-2026 காலப்பகுதிக்கு 6,225 யென்னாக உயர்ந்துள்ளது.