தைராய்டு புற்றுநோயின் உருமாற்றம்

மெல்ல வளரும் பாப்பில்லரி அல்லது ஃபாலிக்குலர் வகைத் தைராய்டு புற்று, தன் செல் இயல்பை இழந்து அனாபிளாஸ்டிக் என்னும் மூர்க்கமான வகையாக மாறுவது. பெரும்பாலும் தைராய்டிலேயே நிகழும். அரிதாக, எப்போதோ பரவி அமைதியாகக் கிடந்த நிணநீர்க்கணுவிலோ நுரையீரலிலோ எலும்பிலோ தொடங்கும்.

புற்றான பிறகும் பாப்பில்லரி செல்கள் பலவும் அயோடினை உறிஞ்சும் பழக்கத்தை விடுவதில்லை. கதிரியக்க அயோடின் சிகிச்சையே அந்தப் பழக்கத்தை நம்பியதுதான். உருமாறிய செல் அயோடினை ஏற்பதில்லை, தைரோகுளோபுலின் என்னும் தைராய்டுப் புரதத்தையும் சுரப்பதில்லை. ஆகவே கட்டி பெருத்துக்கொண்டிருக்கையில் ரத்தத்தில் தைரோகுளோபுலின் குறைவாக இருப்பது நல்ல சேதி அல்ல.

நுண்ணோக்கியில் இந்தப் புற்று, கதிர்கோல் போல நீண்ட செல்கள், ராட்சதச் செல்கள், தோலில் உள்ளவை போன்ற செதிள் செல்கள் என்று பல உருவம் காட்டும். நுரையீரல் கட்டியில் செதிள் செல்லைக் கண்டால் அது நுரையீரலின் சொந்தப் புற்று என்றே தோன்றும். பேக்ஸ்-8 புரதச் சோதனை பலரிடம் தைராய்டே பிறப்பிடம் என்று காட்டிக்கொடுக்கும். அதைவிட மலிவான தடயம், பல ஆண்டுக்கு முந்தைய கழுத்து ஆபரேஷனின் பயாப்சி அறிக்கை. தைராய்டிலேயே தோன்றும் செதிள் செல் புற்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு அனாபிளாஸ்டிக்கில் சேர்த்துவிட்டது.

பிராஃப் அல்லது ராஸ் மரபணுவின் பழைய பழுதோடு டெர்ட், பி53 பழுதுகளும் சேர்வதே இந்த உருமாற்றத்தின் பொதுவான வழி. தைராய்டு புற்றுகளில் அனாபிளாஸ்டிக் 1–2 விழுக்காடுதான். ஆனால் கண்டறிந்தவுடனேயே நான்காம் நிலை என்று கணக்கிடப்படும் நோய் இது. பாதிப் பேர் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவதே நெடுங்கால அனுபவம். பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நெடுநாள் கழலை சில வாரங்களில் திடீரென வீங்குவது, குரல் கம்முவது, விழுங்கவோ மூச்சுவிடவோ திணறுவது ஆகியவை அறிகுறிகள்.

தியோடர் பில்ராத், நோயாளிகள் பலர் இறந்ததால் கழலை அறுவையையே சில காலம் கைவிட்ட வியன்னா மருத்துவர். அவரிடம் பயின்ற கோக்கர் அதைப் பாதுகாப்பானதாக்கி 1909இல் நோபல் பெற்றார். அந்தத் திறமையும் அனாபிளாஸ்டிக் புற்றில் பலவேளை பயன்படாது. மூச்சுக்குழாயைச் சுற்றிப் பிடித்த கட்டியை முழுதாக எடுக்க முடிவதில்லை. கதிர்வீச்சு, கீமோதெரபி, தேவைப்பட்டால் கழுத்தில் மூச்சுத்துளை என்றே வைத்தியம் நின்றிருந்தது. பிராஃப் வி600இ பழுது உள்ளவர்களுக்கு டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மருந்துகளைச் சேர்த்துத் தர அமெரிக்கா 2018 மே மாதம் அனுமதித்தது. அதனால் மரபணுச் சோதனையை பயாப்சி எடுத்த அன்றே கேட்டுவிடுகிறார்கள்.