ரெனோன்சான்: ஒரு குடும்பப் பெயர் பிறந்த நாள்

புதுச்சேரித் தமிழர் ஒருவருக்கு லப்போர்த் என்பது போன்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்தால், வெளியூர்க்காரர்கள் உடனே ஒரு வெள்ளைக்காரப் பாட்டனைக் கற்பனை செய்துகொள்வார்கள். பெரும்பாலும் அப்படி யாரும் இருந்ததில்லை. அந்தப் பெயர் ரத்தவழி வந்ததல்ல. முன்னோர் ஒருவர் பதிவு அலுவலர் முன் நின்று, தமக்கும் தம் சந்ததிக்கும் என்று எழுதிக்கொடுத்து எடுத்துக்கொண்டது. அப்படி எழுதிக்கொடுத்தவர்களுக்கு வழங்கிய பெயர்தான் ரெனோன்சான்.

பிரெஞ்சில் ‘ரெனோன்சே’ என்றால் துறத்தல். துறந்தது மதத்தையோ மொழியையோ அல்ல. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் அவரவர் சாதி, சமய வழக்கமே செல்லும் என்று 1819 முதல் பிரெஞ்சு ஆட்சி ஏற்றிருந்தது. அந்த வழக்கத்தை விட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வர 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வழிசெய்தது. விட்டால் விட்டதுதான், திரும்ப முடியாது. மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் சேர்ந்தே மாறினார்கள். தமிழருக்குத் தகப்பன் பெயர் முன்னால் நிற்குமே தவிரத் தலைமுறை தாண்டித் தொடராது. பிரெஞ்சுச் சட்டத்துக்கோ நிலையான குடும்பப் பெயர் வேண்டும். அதனால் துறக்கும்போதே ஒரு பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இப்படித் துறக்கும் இயக்கத்தின் தலைவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டவர். பாரீஸின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றம்வரை போராடி வென்றார். பின்னாளில் அவர் சூடிக்கொண்ட பெயர் லப்போர்த். கதவு என்று பொருள். பின்னால் வருகிறவர்களுக்குத் திறந்த கதவு என்றே புதுவையில் விளக்கம் சொல்வார்கள். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் அந்த வழியே வந்தார்கள். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் பழைய வழக்கத்தைக் காக்க நினைத்தோர் எதிர்த்தார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்றாகப் பிரிந்தது. எதை விட்டார்கள் என்பதை வைத்தே அவர்களுக்குப் பெயர் விழுந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்கள் கேட்டது சமத்துவம். சொல்லில் அது இல்லை.

கடல் கடந்து பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலிகளாய்ப் போனவர்கள் கதை நேர்மாறானது. அங்கே எழுத்தர் எழுதிக்கொண்ட தமிழ்ப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ரெயூனியோனில் விராப்புல்லே என்ற பெயரில் வீரப்பிள்ளை ஒளிந்திருக்கிறார். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923வரை வழக்காடிய ஆன்ரி சிதாம்பரோமின் பெயரில் சிதம்பரம் அப்படியே நிற்கிறது. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய புதுவைத் தமிழர் தம் முன்னோரைத் தேடுவதைவிட, தமிழ்ப் பெயர் தாங்கிய இவர்களுக்குத் தேடுவது சில வேளை எளிது.

புதுவைக் குடும்பத்தார் பிரான்சில் அதே பெயருள்ள ஊரையோ வம்சத்தையோ தேடிப் பயனில்லை. ஒரே பெயரை உறவில்லாத இரு குடும்பங்கள் எடுத்திருக்கலாம்; அண்ணன் துறந்து தம்பி துறவாமல் இருந்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கே பெயர் வேறாகும். தேட வேண்டியது துறவுப் பத்திரத்தை. பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே வருவது அங்கேதான். அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் உண்டு. எத்தா சிவில் எனப்படும் அந்தப் பதிவேடுகளின் மறுபிரதிகள் பிரான்சின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில், கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளுக்குரியவற்றை இணையத்திலேயே புரட்டலாம். புதுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு 1881க்கு முந்தைய ஏடுகளில் தேடினால் ஒன்றும் அகப்படாது; பழைய தமிழ்ப் பெயரை அதன் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடு தேட வேண்டும். பிள்ளை அங்கே புல்லே ஆகியிருப்பார்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தது. பலர் தேர்ந்தார்கள், பலர் இந்தியராயினர். ஆனால் ரெனோன்சான் என்ற சொல் பிரெஞ்சு ஆட்சியோடு போகவில்லை. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது.